கேளாமல் எடுத்த கூர்க்கன்

எங்கள் தெருவில் யாரும் செடியைக் கேட்டு வாங்க மாட்டார்கள். உறைமோர் கேட்பார்கள், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நகை கேட்பார்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கத் தொரட்டி கேட்பார்கள். அடுத்த வீட்டு வேலியோரம் ஒரு செடி மனத்துக்குப் பிடித்துவிட்டால் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் பார்க்காத நேரத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்து நட வேண்டும். அப்போதுதான் தழைக்கும். கிள்ளியவர் சொல்லக் கூடாது, பறிகொடுத்தவர் விசாரிக்கக் கூடாது. யாராவது வாயை விட்டால் தாய்ச்செடி, பிள்ளைச்செடி இரண்டுமே கருகிப்போகும் என்பது நம்பிக்கை. காசு கொடுத்து வாங்கி வயலில் நடும் நாற்றுக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆசைப்பட்டு வாசலில் வைக்கும் செடிக்குத்தான்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால், போன வைகாசியில் அம்சவள்ளி அக்கா பட்டப்பகலில் வீடு வீடாகப் போய்த் திருடியதும், நான் கூடப் போய் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றதும், பறிகொடுத்தவர்கள் அதற்காக மெனக்கெட்டதும் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது.

தியாகதுருகம் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். அம்சவள்ளி அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சொந்த நிலம் கிடையாது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் வந்து போவார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்கா கரும்பு வெட்டப் போனார். முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை இலை கிழித்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு வருஷம் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கண்ணில் நீர் வந்துவிடும். கட்டுத் தூக்க முடியாதவரை எந்த மேஸ்திரியும் கூப்பிட மாட்டார். அந்தச் சமயத்தில் அவரைக் காப்பாற்றியது ஒரு செடி.

மருந்துக்கூர்க்கன் என்று பெயர். பார்க்க ஓமவல்லிக்குத் தங்கை மாதிரி இருக்கும், இலையைத் தேய்த்தால் மணக்கும், நீலநிறத்தில் கதிர் கதிராகப் பூக்கும். காசு மண்ணுக்குள் இருக்கிறது. மெலிந்த கேரட் போலக் கொத்துக் கொத்தாக வேர் இறங்கும். அந்த வேரைப் பிடுங்கி, துண்டு போட்டு, களத்தில் காயவைத்து மூட்டை கட்டினால் கம்பெனி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். என் அண்ணன் தனசேகரன் கரும்புக்கு நடுவே பல வருஷமாக ஒரு ஏக்கர் கூர்க்கன் போடுகிறார். நான் இருப்பது டப்ளினில். அங்கே மருந்துக்கடை அலமாரியில் உடம்பு இளைக்கும் மாத்திரை என்று ஒரு புட்டியை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். அதன் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும் எங்கள் களத்தில் காய்ந்ததும் ஒரே வேர் என்பது, அம்மாவின் மூட்டு அறுவைக்காக நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்த இந்த வருஷம்தான் தெரிந்தது. வேரில் ஃபோர்ஸ்கோலின் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். கண்ணுக்குள் ஏறும் அழுத்தத்தைக் குறைக்கிற சொட்டு மருந்துக்கும், ஆராய்ச்சிக்கூடங்களில் உயிரணுவைத் தட்டி எழுப்பிப் பார்க்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இளைக்க வைக்குமா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். வெறும் கையால் இதைப் பிடுங்குகிறீர்களே, ரத்த அழுத்தத்தையும் இது குறைக்குமாம், சட்டென்று இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று அக்காவைக் கேட்டேன். தின்றால்தானே இறங்கும் என்றார். இளைக்கிற மாத்திரையைப் பற்றிச் சொன்னபோதுதான் வேலையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எளைக்கணும்னா நாலு நாளு கரும்பு வெட்டச் சொல்லுங்க தம்பி. இன்னாத்துக்கு மாத்திர?"

கூர்க்கனை விதை போட்டு வளர்ப்பதில்லை. நுனிக்குச்சியை ஒடித்து, நாற்றங்காலில் வேர் பிடிக்க வைத்து, பிறகு வயலில் நடுவார்கள். அறுவடையில் செடியை அடியோடு பிடுங்கிவிடுவதால் அடுத்த போகத்துக்குக் குச்சி கொடுக்க எங்காவது தாய்ச்செடி உயிரோடு இருக்க வேண்டும். சுற்று வட்டாரத்துக்கே அந்தத் தாய்ச்செடிகள் அக்காவிடம்தான் இருந்தன. எங்கள் கிணற்றோரம் அண்ணனிடம் குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் இடம், மேலே பச்சை நிழல்வலை, கீழே மேட்டுப்பாத்திகள். ஆடியில் நடவு என்றால் ஆனியிலேயே விவசாயிகள் வந்து சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள்.

அவரிடம் இருந்தது கம்பெனி கொடுத்த ரகம் இல்லை. தோள் பிடித்துக்கொண்ட வருஷம், கட்டுத் தூக்காத வேலையாகத் தேடி, கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்குகிற ஆட்களோடு வேனில் ஏறிப் போயிருக்கிறார். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு மரவள்ளிக் கொல்லை. அதன் ஓரத்துப் பாறை இடுக்கில் நீலப்பூவோடு ஒரு கூர்க்கன் நின்றது. எங்கள் வயலில் களை எடுத்த பழக்கத்தில் இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் மண்ணே இல்லாத இடத்தில் இது எதைத் தின்று நிற்கிறது என்று ஒரு சந்தேகம். விரலால் நோண்டி ஒரு வேரை உடைத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே மஞ்சள் பொட்டுப் பொட்டாக, வயல் வேரில் பார்த்ததைவிட நெருக்கமாக இருந்தது. கொல்லைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றாராம். மலையிலும் அதே சட்டம்தான் போல. அக்கா குச்சியை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டுப் பின்னால் நட்டு, பெருக்கி, அண்ணன் வயலில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார். அந்த மூட்டையைத் தனியாகச் சோதித்த கம்பெனி ஆள், இது யார் கொடுத்த குச்சி என்று கேட்டுக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். வேரில் சரக்கு, அதாவது அந்த ஃபோர்ஸ்கோலின், மற்றதைவிட அதிகம். அதிலிருந்து எல்லோருக்கும் அம்சவள்ளி குச்சிதான் வேண்டும். அக்கா கரும்புக் கத்தியைக் கூரையில் செருகியவர் திரும்ப எடுக்கவில்லை.

இந்த மாசியில் அவர் ஒரு தப்புச் செய்தார். கரும்பு விளையும் ஊரில் மட்டும் நடக்கிற தப்பு. ஆலையில் சாற்றை வடிகட்டிய பிறகு மிஞ்சுகிற கறுப்புச் சக்கையை, பிரஸ்மட் என்பார்கள், வயலுக்கு உரமாக அடிப்பது வழக்கம். அண்ணன் ஒரு டிராக்டர் லோடு இறக்கியிருந்தார். அது புதிதாக இருக்கும்போது உள்ளுக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கும். மாதக்கணக்கில் ஆறவிட்டுத்தான் போட வேண்டும். அக்காவுக்கும் அது தெரியும். குவியலின் மேல் கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. அடியில் கையை விட்டுப் பார்க்கவில்லை. இந்த வருஷம் குச்சி ஜாஸ்தி வேண்டியிருந்த அவசரம். எல்லாப் பாத்தியிலும் தூர் மூடப் போட்டுத் தண்ணீர் கட்டிவிட்டார்.

மத்தியானத்தில் தொங்கிய இலைகள் முதலில் சாயங்காலம் நிமிர்ந்தன. அப்புறம் நிமிரவில்லை. நான் போனபோது ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி வரிசையாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் கையோடு வந்தது.

"வேவச்சிட்டேன் தம்பி," என்றார். "அவிச்ச பனங்கெழங்கு மாதிரி கெடக்குது பாருங்க."

எச்சரிக்காமல் விட்டேனே என்று அண்ணன் புலம்பினார். என் தப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. ஒரு விவசாயியிடமும் செடி மிச்சம் இல்லை. அம்சவள்ளியிடம் இருக்கும்போது எவர் வைத்திருப்பார்? கம்பெனி ஆள் போனில் அனுதாபப்பட்டார். ஆடி நடவுக்குள் பழைய ரகம் கிடைக்காவிட்டால் ஆத்தூர்ப் பக்கத்து நாற்றுப்பண்ணையில் எல்லோருக்கும் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். ஒருமுறை அங்கே போய்ப் பழகியவர்கள் இங்கே திரும்ப மாட்டார்கள். அக்காவுக்கு மறுபடியும் கரும்புதான், அந்தத் தோளோடு.

அம்மாவின் அறுவை முடிந்து எனக்கு நேரம் கிடைத்ததே சித்திரைக் கடைசியில்தான். முதலில் மலைக்குப் போனோம். காரை நான்தான் ஓட்டினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் எதிரே பஸ் வருமோ என்று ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். அக்காவோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பாறை பாறையாகத் தேடிக்கொண்டு வந்தார். அந்தக் கொல்லையைக் கண்டுபிடித்துவிட்டோம். பாறை இல்லை. ரோட்டை அகலப்படுத்துவதற்காக உடைத்து, சல்லியைப் பரப்பித் தார் போட்டிருந்தார்கள். சுற்றிலும் நடந்து பார்த்தோம். பூக்கிற காலம் இல்லை, புல்லும் காய்ந்திருந்தது. காட்டுக்குள் போய்ப் பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்று நான் நடுங்கியதால் அதற்கு மேல் போகவில்லை.

இறங்கும்போதும் அக்கா பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நின்றபோது டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"பொன்னுரங்கம் வூட்ல, ஆட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ஒண்ணு நிக்கிது. உங்க அண்ணி மாடியில பெயிண்ட் வாளியில வச்சிருக்காங்க. எல்லாம் என் பாத்தியில கிள்ளிக்கினு போனதுதான்."

எங்கள் வீட்டிலேயே திருட்டுச் செடி இருப்பது எனக்குச் செய்தி. அப்படியானால் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே, இதிலென்ன கஷ்டம் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். கேட்டால் செத்துப்போகும். செடிக்குக் காதா இருக்கிறது என்று நான் சிரித்தேன்.

"உங்களுக்கு அது கத தம்பி. நெஜமா பொய்யான்னு எனக்கும் தெரியாது. ரெண்டு மூணு செடி கையில இருந்தா ஒண்ண கேட்டு வாங்கி, ஒண்ண கேக்காம எட்த்து, எது சாவுதுன்னு பாத்திருப்பேன். இப்ப வெளையாட முடியுமா?"

வேறு யார் வீட்டிலும் இருக்கிறதா என்று கேட்டேன். செவ்வந்தி வீட்டில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கணக்கில் இல்லை என்றார். துணி துவைக்கிற கல்லோரம் சோப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து மஞ்சளாகிவிட்டதாம். இலையில் மணமும் இல்லையாம். அதோடு, மூன்று வீடு தள்ளியிருக்கும் செவ்வந்தியோடு அவருக்குப் பேச்சுவார்த்தையும் இல்லை. செவ்வந்தியின் ஆடு ஒருமுறை நாற்றங்காலுக்குள் புகுந்தபோது அக்கா பேசிய வார்த்தைகள் அப்படிப்பட்டவை என்று அண்ணி சொன்னார்.

நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொன்னுரங்கம் ஆடு வியாபாரி, குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அன்று யாரும் கேட்காமலே அறிவித்தார்.

"மத்தியானம் நான் கள்ளக்குறிச்சி போறேன். வூட்ல ஒரு ஈ காக்கா இருக்காது. எவனா பூந்து ஆட்டையே ஓட்டிக்கினு போனாக்கூட கேக்க ஆளில்ல."

மத்தியானம் நான் படலைப் பிடித்துக்கொள்ள, அக்கா உள்ளே போனார். மணத்தை வைத்தே செடியைக் கண்டுபிடித்தார், அவ்வளவு வாசம். பக்கவேரில் விரல் அளவு தோண்டி எடுத்தார், இரண்டு கொழுந்தைக் கிள்ளினார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பொன்னுரங்கம் இருமினார். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடி இருமினார். அக்கா நிமிரவே இல்லை. நான்தான் படலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில், அக்கா மாடியேறியபோது, அண்ணி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். தனக்குத் தெரியாமல் மாடியில் கூர்க்கன் இருந்ததே என்று கேட்க வந்த அண்ணனைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். ஆனால் பெயிண்ட் வாளியில் தண்ணீர் தேங்கி வேர் முழுதும் அழுகியிருந்தது. மேலே நின்ற தண்டும் உள்ளே கறுத்திருந்தது.

மிஞ்சியது பொன்னுரங்கத்தின் செடி. வேரை உடைத்தால் மஞ்சள் பொட்டு அவ்வளவாகத் தெரியவில்லை; அதுதான் பழைய ரகமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியில் என்னோடு பள்ளியில் படித்த கோகிலவாணி ஆசிரியை. துண்டு போட்டுக் காயவைத்த வேரை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் போனோம். மூக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது, எதற்கு வீண் அலைச்சல் என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கோகிலவாணி வேரைப் பொடித்து ஒரு திரவத்தில் ஊறவைத்தாள். முடியைப் போல மெல்லிய கண்ணாடிக் குழாயால் அதைத் தொட்டு, வெள்ளைப் பூச்சுப் பூசிய தகட்டின் கீழ்விளிம்பருகே ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில், ஃபோர்ஸ்கோலின் என்று உறுதியாகத் தெரிந்த பொருளால் இன்னொரு புள்ளி. தகட்டை ஒரு ஜாடியில் கொஞ்சம் திரவத்தில் நிறுத்தினாள். ஈரம் தகட்டில் மெல்ல ஏறியது. வேரில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் அதனதன் ஓட்டத்தில் அதோடு ஏறி, அதனதன் இடத்தில் நின்றுவிடும் என்று விளக்கினாள். அக்கா குனிந்து, மூச்சு படாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். எது முன்னால் ஓடும், ஏன் ஓடும், தகட்டைத் தலைகீழாக வைத்தால் இறங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிக் கேள்வியைத் தன் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை, தனக்கும் யோசிக்க வேண்டும் என்று கோகிலவாணி சொன்னாள்.

தகட்டைக் காயவைத்து, ஒரு மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினாள். தெரிந்த பொருள் நின்ற இடத்தில் நாவல்பழச் சாறு சொட்டியது போல ஊதாப் பொட்டு எழுந்தது. பொன்னுரங்கத்தின் வேருக்கு நேரே, அதே உயரத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு மங்கல்.

அக்கா தகட்டைப் பார்த்தார். வேரை முகர்ந்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார். மணம் என்பது பறந்துபோகிற எண்ணெய், நீங்கள் தேடுவது பறக்காமல் உட்கார்ந்திருக்கிற வேறொரு பொருள், ஒன்று ஜாஸ்தியானால் இன்னொன்றும் ஜாஸ்தியாக இருக்க வேண்டியதில்லை என்று கோகிலவாணி சொன்னாள்.

"இத்தினி வருசமா மூக்க நம்பிக்கினு இருந்தனே," என்றார் அக்கா. அவர் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது என்று எனக்குப் பட்டது. வாசல் வரைக்கும் வந்துவிட்டு மறுபடி உள்ளே போய், மணமே இல்லாத செடியிலும் அந்தப் பொருள் இருக்குமா என்று கேட்டார். இருக்கலாம் என்றாள் கோகிலவாணி.

அன்று சாயங்காலமே பொன்னுரங்கம் டீக்கடையில், யாரையும் பார்க்காமல், திருக்கோவிலூரில் ஒரு கோயில் நந்தவனத்தில் செடியெல்லாம் என்ன அருமையாக வளர்கிறது என்று பொதுவாகப் பேசினார். அவருடைய கூர்க்கன் அக்காவின் பாத்தியிலிருந்து வந்ததில்லை என்பது அப்படித்தான் விளங்கியது. அதற்கு மேல் அவர் சொல்ல முடியாது.

ஆக, செவ்வந்தி வீடு ஒன்றுதான் பாக்கி. வைகாசி முடியப்போகிறது. அக்கா அந்த வீட்டுப் பக்கம் போவார், வருவார். செவ்வந்தி துவைக்கிற கல்லை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலையில் போனாலும் அங்கேதான், வெயிலிலும் அங்கேதான். ஊரில் உள்ள அழுக்கெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கிறதோ என்று அக்கா பல்லைக் கடித்தார். நான் போய் நல்லபடியாகப் பேசி வாங்கி வருகிறேன் என்றதற்கு, நல்லபடியாகக் கெடுத்துவிட்டு வருவீர்கள் என்றார்.

மூன்றாவது முறை போனபோது நானும் கூட நின்றேன். செவ்வந்தி எங்களைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த துணியை ஓங்கி அடித்தார். அம்சவள்ளி அக்காவின் பெயரைச் சொல்லாமல், வேலியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"என் வூட்டுச் செடி மேல எவ கைய வச்சாலும் கைய ஒடிச்சி அடுப்புல வப்பேன். கொழுந்தத் தொடக்கூடாது. வேரத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

இவ்வளவு வெளிப்படையாக மறுத்த பிறகு நிற்பது மரியாதை இல்லை. வாங்க அக்கா, போகலாம் என்று திரும்பினேன். அக்கா என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார்.

செவ்வந்தி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது. துவைக்கிற கல்லின் மேல், ஈரம் சொட்டாமல், ஒரு களைக்கொத்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு துணி துவைப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

"தொடாதன்னு சொன்னாத்தான தம்பி திருட்டு?" என்று அக்கா முணுமுணுத்தார். உள்ளே போனார். இலை மஞ்சளாகத்தான் இருந்தது, கசக்கினால் சோப்பு வாசனைதான் வந்தது. களைக்கொத்தால் ஓரமாகக் கிளறி ஒரு வேரை உடைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், பாம்போ என்று. உடைந்த வேரை வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மஞ்சள் பொட்டுகள், மணல் தூவியது போல.

கோகிலவாணியின் தகட்டில் இந்த முறை பொட்டு கறுப்பென்று சொல்லும் அளவுக்கு ஊதாவாக எழுந்தது. அதைப் படம் எடுத்துக் கம்பெனி ஆளுக்கு அனுப்பினோம். அவருடைய ஆய்வகமும் பிறகு அதையே சொன்னது.

ஆனால் இருந்தது ஒரு செடி. மேலே நான்கைந்து கொழுந்துதான் கிள்ள முடிந்தது; அதற்கு மேல் எடுத்தால் தாய் தாங்காது. அவை வேர் பிடித்துத் துளிர்த்து, அவற்றில் கிள்ளி, அதில் கிள்ளி என்று பெருக்க வேண்டும். ஆடி நடவு கையை விட்டுப் போனது. விவசாயிகளில் பலர் ஆத்தூர்ப் பக்கத்துக் குச்சியை இறக்கினார்கள். அண்ணன் மட்டும் பாதி நிலத்தைச் சும்மா போட்டுவைத்து, புரட்டாசியில் நடுகிறேன், அதற்குள் கொடு என்றார். அண்ணிக்கும் அவருக்கும் அதில் இரண்டு நாள் பேச்சில்லை. அக்கா இந்தப் பட்டத்துக்குக் களையெடுப்புக்குப் போனார். தோளுக்கு அது ஆகும். மேஸ்திரி மார்கழி வெட்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தபோது, தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டார்.

புதுக்குச்சிகள் வேர் பிடித்ததும் அக்காவுக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. பாத்தியில் ராஜபோகமாக வளர்ந்தபோது இருந்ததைவிட, செவ்வந்தி வீட்டில் நோஞ்சானாக நின்ற செடியில் ஏன் பொட்டு நெருக்கமாக இருந்தது? குச்சியிலிருந்து வந்த செடி தாயின் உடம்பேதான், ரகம் மாறாது, சோப்புத் தண்ணீரால் ஒன்றும் ஆகியிருக்காது என்றாள் கோகிலவாணி. பிறகு, கஷ்டப்படுகிற செடி சில பொருள்களைக் கூடுதலாகச் செய்வதும் உண்டு, சோதிக்காமல் சொல்ல முடியாது என்று சேர்த்துக்கொண்டாள். அந்தப் பின்பாதிதான் அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. நாற்றங்காலில் இரண்டு பாத்தியைத் தனியாகப் பிரித்தார். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றுக்குத் துவைத்த தண்ணீர்.

துவைத்த தண்ணீருக்கு எங்கே போவது? செவ்வந்தி வீட்டு வாசலில் குடத்தோடு போய் நின்றார். செடியைக் கேட்கக் கூடாதே தவிர, தண்ணீரைக் கேட்கக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. ஆட்டு விவகாரத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் முறை. செவ்வந்தி, அழுக்குத் தண்ணீருக்கும் வந்துவிட்டாயா என்று கேட்டுவிட்டு, குடத்தைத் தானே நிரப்பிக் கொடுத்தாராம். நான் அதற்குள் டப்ளின் திரும்பிவிட்டேன். இதையெல்லாம் போனில்தான் கேட்டேன்.

புரட்டாசியில் அண்ணனின் பாதி நிலத்துக்குக் குச்சி போய்விட்டது. மழைக்கு வேர் அழுகுமோ, வேரைத் தின்னும் நூற்புழு வருமோ என்று நான் இங்கிருந்து வாரம் தவறாமல் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வயல் நன்றாகத்தான் இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார். நேற்று அக்காவே கூப்பிட்டார். குரல் சரியில்லை. பயந்துபோய் என்ன ஆயிற்று என்றேன்.

"செவ்வந்தி என்னக் கேக்காம கட்டி சோப்ப வுட்டுட்டு பவுடருக்கு மாறிட்டா தம்பி. நடுவுல மாத்துனா எதால கூடிச்சி, எதால கொறஞ்சிச்சின்னு எப்பிடித் தெரியும்? வேற பாத்தி போட்டு மொதல்லேந்து ஆரம்பிக்கிறேன்."

பின்னாலிருந்து செவ்வந்தியின் குரல் கேட்டது. பவுடர்தான் கம்மி விலைக்கு வருது, வேணும்னா கட்டி சோப்பு வாங்கிக் கொடுத்துட்டுப் பேசச் சொல்லுங்க என்றார்.